தகரப்பெட்டி மூடி

எங்கள் அப்பாவின் கடைக்கு வந்து முழுப் பாக்கெட் சிகரெட் கேட்கிற ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது. நல்ல வியாபாரம் தருகிறவரைப் பார்த்துக் கடைக்காரர் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வது அழகில்லைதான். என்ன செய்ய? அந்தக் காலத்தில் சிகரெட் பாக்கெட்டுக்குள் கம்பெனிக்காரன் ஒரு வர்ணப் படம் வைத்திருப்பான். சீட்டுக்கட்டுச் சீட்டைவிடச் சின்னதாக, பளபளவென்று ஓர் அட்டை. முழுப் பாக்கெட் வாங்குகிறவர் படத்தையும் சேர்த்து மடியில் சொருகிக்கொண்டு போய்விடுவார். ஒற்றைச் சிகரெட் வாங்குகிறவர்கள்தான் என் மனுஷர்கள். அவர்களுக்காக அப்பா பாக்கெட்டைப் பிரிப்பார். பிரித்தால் உள்ளே இருக்கும் படம் கடைக்கு. கடைக்கு வந்தது எனக்கு. விளக்கு வைத்ததும் வீட்டில் எல்லாரும் சாமி கும்பிடுவார்கள், நானும் கும்பிடுவேன். எங்கள் ஊரான கொட்டாரத்தில் ஆண்களுக்கு ஒற்றைச் சிகரெட் வாங்குவதற்கு மேல் வசதி வந்துவிடக் கூடாது என்பதுதான் என் வேண்டுதல்.

கடை, கன்னியாகுமரிக்குப் போகிற ரோட்டின் மேலேயே இருந்தது. கடல் பார்க்கப் போகிறவர்கள் சோடா குடிக்க நிற்பார்கள். சில சமயம் மோட்டார் காரில் வருகிற பெரிய மனிதர் ஒருவர் காலிப் பாக்கெட்டை ரோட்டில் வீசிவிட்டுப் போவார். உள்ளே படம் அப்படியே கிடக்கும். அதற்காக நான் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். பொம்பளைப் பிள்ளை, சிகரெட் பாக்கெட் பொறுக்குகிறாளே என்று.

கப்பல், பறவை, முடி சூடிய ராஜாக்கள், தோள் தெரியச் சட்டை போட்ட வெள்ளைக்கார நாடகக்காரிகள் என்று படங்கள் வரும். நாடகக்காரிகளை நாங்கள் துரைச்சாணி என்போம். பள்ளிக்கூடத்துப் பூவரச மரத்தடியில் படம் மாற்றுகிற சந்தை நடக்கும். ஒரு கப்பலுக்கு மூன்று பறவை. ராஜா என்றால் ஆளைப் பொறுத்து. துரைச்சாணிகளை வாங்குவதற்குப் பையன்களுக்கு ஆசையும் உண்டு, வெட்கமும் உண்டு. அதனால் துரைச்சாணி விலை தினமும் ஏறி இறங்கும். அந்தச் சந்தையில் பெண்பிள்ளை நான் ஒருத்திதான். கடைக்காரர் மகள் அல்லவா, என்னை ஏமாற்றுவது எவனுக்கும் லேசாக இருக்கவில்லை.

அத்தனை படத்திலும் விலை போகாத படம் ஒன்றே ஒன்று. மீன்கொத்திப் படம். அப்பா எனக்குத் தந்த முதல் படம் அது. மூன்று வயது இருக்குமாம், தின்கிற பண்டம் என்று நினைத்துக் கடித்துவிட்டேன். மீன்கொத்தியின் வாலுக்குப் பக்கத்தில் என் பால்பற்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. வாய்க்குள் விரலை விட்டு அதைப் பிடுங்கி எடுத்தது அக்கா. அவள் விரலையும் சேர்த்துக் கடித்தேனாம். "இன்னா பாரு தழும்பு" என்று ஆள்காட்டி விரலை நீட்டுவாள். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எனக்கு ஒரு தழும்பும் தெரிந்ததில்லை. படத்தை மரத்தடிக்குக் கொண்டுபோனால், சவம், எச்சிப் படம் என்று பையன்கள் கையால்கூடத் தொடமாட்டார்கள். எச்சில் பட்டது ஆறு வருஷத்துக்கு முன்னால் என்று சொன்னாலும் எடுபடாது. நான் அதை ஓடையில் போட எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அக்காதான் பிடுங்கி வைத்துக்கொள்வாள்.

அக்காவுக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். இடையில் பிறந்தவை தங்கவில்லை. அம்மா விடிந்ததும் அப்பாவோடு கடைக்குப் போய்விடுவாள். எனக்குத் தலை சீவி, சோறு ஊட்டி, சொறி வந்தால் மஞ்சள் அரைத்துப் போட்டு, பொய் சொன்னால் தொடையில் கிள்ளி வளர்த்தது எல்லாம் அக்காதான். அதையெல்லாம் நான் பெரிதாக நினைத்ததில்லை. தண்ணீர் குடிக்கிறபோது கிணற்றை யார் நினைக்கிறார்கள்? என் நினைப்பு முழுக்கப் படத்தில் இருந்தது.

படத்தைச் சேர்ப்பதைவிடக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. முதலில் கருப்பட்டி வருகிற ஓலைப்பெட்டி ஒன்றில் வைத்தேன். பெட்டியில் ஒட்டியிருந்த இனிப்புக்கு எறும்பு வந்து, அதன் வழியாகப் படங்களும் நாசம். பெட்டிக்குள் இருந்தால் யார் பார்க்கிறார்கள் என்று எனக்கும் ஒரு குறை. அதனால் வடித்த கஞ்சியைத் தடவிச் சுவரில் வரிசையாக ஒட்டினேன். பார்க்க அரண்மனை மாதிரி இருந்தது. நம்மூருக்குத்தான் வருஷத்தில் இரண்டு மழைக்காலமாயிற்றே, சுவர் ஈரம் இழுத்தது. கஞ்சி ருசிக்கு ராமபாணப் பூச்சியும் கரப்பானும் வந்தன. காலையில் எழுந்து பார்த்தால் ஒரு ராஜாவுக்கு மீசை இருக்காது. மறுநாள் மூக்கும் இருக்காது. நான் சுவரடியில் உட்கார்ந்து அழுவேன். அம்மா, "ராசா செத்தா நாட்டுக்காரன் அழுவான், உனக்கென்னட்டி?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா நாகர்கோவிலுக்குச் சரக்கு எடுக்கப் போனவர் ஒரு தகரப்பெட்டி வாங்கிவந்தார். வெளியே பச்சை வர்ணம், நடுவில் ரோஸ் நிறத்தில் பெரிய பூ, பித்தளைக் கொண்டி. எதற்கு என்று கேட்டதற்குத் துணி வைக்க என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் இருந்த துணியெல்லாம் ஒரு கொடிக்கயிற்றில் அடங்கிவிடும். இருந்தாலும் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அக்கா அந்தப் பெட்டியைத் தள்ளி நின்று பார்த்தாள். கிட்டே வரவில்லை.

சில நாள் கழித்து அவளே என்னைக் கூப்பிட்டாள். படத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். பெட்டியைத் திறந்து, மூடியின் உள்பக்கத்தைக் காட்டினாள். அகலமாக, வழவழவென்று, ஒரு கறை இல்லாமல் இருந்தது.

"இங்கன ஒட்டுவோமா? மூடினா மழையும் வராது, பூச்சியும் வராது. தொறந்தா ஊரே பாக்கலாம்."

இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. மரச்சீனிக் கிழங்கு மாவில் பசை காய்ச்சி, பூச்சி வராமலிருக்க அதில் துளி மயில்துத்தம் கலந்தாள் அக்கா. பசை இளநீலமாக வந்தது. கையை வாயில் வைத்தாயோ தோலை உரித்துவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டே ஒட்டினாள். எந்தப் படம் எங்கே என்று எங்களுக்குள் சண்டை. சந்தையில் விலை கூடின படம் நடுவில் வரவேண்டும் என்பது என் கட்சி. கண்ணுக்கு நிறம் நிறமாக இருக்கவேண்டும் என்பது அவள் கட்சி. கடைசியில் கப்பல்கள் மேலே போயின, ராஜாக்கள் நடுவில் உட்கார்ந்தார்கள், அவர்களைச் சுற்றிப் பறவைகளும் துரைச்சாணிகளும் இடம் பிடித்தார்கள். எல்லாம் முடிந்து வலது கீழ்மூலையில் ஒரு இடம் பாக்கி. அக்கா இடுப்பிலிருந்து அந்த எச்சில் மீன்கொத்தியை எடுத்தாள். நான் குதித்தேன். இத்தனை நல்ல படத்துக்கு நடுவில் அந்தச் சவத்தையா?

"இத்தன நல்லதுக்கு நடுவுல ஒரு கெட்டது கெடக்கணும் மக்கா. அப்பதான் கண்ணு படாது."

திருஷ்டிக்கு என்றால் சரி என்று விட்டுவிட்டேன். வயலில் பொம்மை நிற்கவில்லையா, அது போல இருக்கட்டும் என்று.

அடுத்த ஒரு வருஷம் நான் ராஜ்ஜியம் நடத்தினேன் என்றே சொல்லவேண்டும். சாயங்காலம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படம் பார்க்க வருவார்கள். கை கழுவிவிட்டு வரவேண்டும், கையைப் பின்னால் கட்டிக்கொள்ளவேண்டும், தும்மல் வந்தால் முற்றத்துக்கு ஓடவேண்டும். நான் கொண்டியை நீக்கி மூடியைத் தூக்குவேன். அது கிறீச்சென்று திறக்கும்போது பிள்ளைகள் மூச்சு விடமாட்டார்கள். அந்த மழைக்காலத்தில் ஒரு ராஜாவுக்கும் மீசை போகவில்லை. அக்கா மாதிரி புத்திசாலி கொட்டாரத்தில் கிடையாது என்று நானே நாலு பேரிடம் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், அம்மா அந்தப் பெட்டியில் புதுச் சேலைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அக்காவுக்குப் பூதப்பாண்டிப் பக்கம் சம்பந்தம் பேசி முடித்திருந்தது எனக்குத் தெரியும். கல்யாணம் என்றால் அக்காவுக்கு நகை, எனக்குப் புதுப் பாவாடை, பந்தலில் பாயசம் என்ற அளவில்தான் தெரியும். அவளோடு பெட்டி போகும் என்று யாரும் சொல்லவில்லை. பெட்டி போனால் மூடியும் போகும், மூடி போனால் படமும் போகும் என்பதை என் மண்டை சுற்றிச் சுற்றிவந்து பிடித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! எல்லாம் தெரிந்தேதான் ஒட்டவைத்திருக்கிறாள். கமுக்கமாக என்னை ஏமாற்றிவிட்டாள், கள்ளி.

ஈரத்துணி கொண்டுவந்து ஒரு ராஜாவின் மேல் வைத்துத் தேய்த்தேன். காதோரம் கொஞ்சம் கிழிந்து துணியோடு வந்தது. மரச்சீனிப் பசையின் பலம் அப்படி. அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"கிழிஞ்சு போவும் மக்கா. இருக்கட்டும். நீ அங்க வந்து பாக்கலாம்லா. வருவியா?"

வரமாட்டேன் என்று கத்திவிட்டு ஓடிப்போனேன். அதற்குப் பிறகு தாலி கட்டுகிறவரை அவளோடு நான் பேசவில்லை.

கல்யாணம் முடிந்து அக்கா வண்டி ஏறுகிற நேரம் வந்தது. அம்மா அழுதாள், அப்பா தூணுக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்தினார். நானோ தெருவே திரும்பிப் பார்க்க அழுதேன். உறவுக்காரப் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு, தங்கச்சி என்றால் இப்படி இருக்கணும், கூடப் பிறந்த பாசம் எங்கே போகும் என்று அவர்களும் அழுதார்கள். அக்காவுக்காக இல்லை, படத்துக்காக என்று விக்கலுக்கு நடுவில் சொன்னேன். பிள்ளை துக்கத்தில் என்னவோ உளறுகிறது என்று தலையைத் தடவினார்கள். சீதன வண்டியில் பெட்டிக்கு ஒட்டினாற்போல மயிலாடியில் அடித்த புது அம்மியை ஏற்றியிருந்தார்கள். அது சரிந்தால் மூடி நசுங்கிவிடும். அம்மியைத் தள்ளி வையுங்கள் என்று வண்டிக்காரரிடம் நான் கெஞ்சினதையும் அக்கா பாசத்தில்தான் சேர்த்தார்கள்.

பெண்ணுக்குத் துணையாகப் பிறந்த வீட்டிலிருந்து சின்னப்பிள்ளை ஒன்று போகவேண்டும். போனது நான்தான். மாப்பிள்ளை வீட்டில் பெண்கள் எல்லாரும் கூடி, வந்த பெட்டியைத் திறந்து பார்ப்பது ஒரு சடங்கு. என்ன சேலை, எத்தனை பாத்திரம் என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். எங்கள் அவசரத்தில் மூடியின் உள்பக்கத்தை யாரும் யோசிக்கவே இல்லை. கொண்டியை நீக்கினார்கள். மூடி கிறீச்சென்று திறந்தது. என் கூட்டத்துப் பிள்ளைகளைப் போலவே அந்தப் பெண்களும் மூச்சு விடவில்லை. சேலையை ஒருத்தரும் பார்க்கவில்லை. தோள் தெரிய நின்ற துரைச்சாணிகள் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் மாமியார், இதெல்லாம் யார் என்று மெதுவாகக் கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? நல்லது செய்கிற நினைப்பில், "இது சும்மா வந்தது, சிகரெட்டு வாங்கினா குடுப்பாவ" என்றேன். கூட்டத்தில் ஒரு கிழவி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் பெண்கள் சிகரெட் குடிக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். அதை நாளைக்குள் சுரண்டிப்போடவேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டு எழுந்து போனார். அக்கா மெதுவாக மூடியைச் சாத்தினாள். மறுநாள் அப்பா வந்து என்னை அழைத்துப்போகிறவரை அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தேன். என் கண் முன்னால் யாரும் சுரண்டவில்லை. நான் போன பிறகு?

அப்பா மாதத்துக்கு ஒரு தடவை வடசேரிச் சந்தைக்குச் சரக்கு எடுக்கப் போவார். அங்கிருந்து பூதப்பாண்டி கிட்டத்தான். வரமாட்டேன் என்று கத்தினவள், முதல் ஆளாக வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். சந்தை முடிகிறவரை என்னை அக்கா வீட்டில் விட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பும்போது ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. வீட்டுக்குள் நுழைந்ததும் அக்காவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளறைக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தேன். படங்கள் இல்லை. மூடி முழுக்க வெள்ளையாக இருந்தது. சுரண்டிவிட்டாள்!

பின்னாலேயே வந்த அக்கா சிரித்துக்கொண்டே ஒரு நூலைப் பிடித்து இழுத்தாள். வெள்ளை ஒரு பக்கமாக ஒதுங்கியது. அது அவளுடைய பழைய தாவணியில் கிழித்துத் தைத்த திரை. கோயில் கருவறையில் போடுவார்களே, அந்த மாதிரி, மூடியின் இரண்டு ஓரத்திலும் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே என் ராஜாக்கள் எல்லாரும் சௌக்கியமாக இருந்தார்கள். மாமியாரிடம் துணி போட்டு மூடியாயிற்று என்று சொன்னாளாம். கண்ணில் படாவிட்டால் சரி என்று அவரும் விட்டுவிட்டாராம். கொட்டாரத்தில் மட்டும் இல்லை, பூதப்பாண்டியிலும் அக்கா மாதிரி புத்திசாலி கிடையாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் கஞ்சத்தனம் அவளுக்கு அங்கே போன பிறகு வந்துவிட்டது. திரையை முழுக்க விலக்கவே மாட்டாள். இன்றைக்குக் கப்பல் மட்டும் என்பாள். பறவை அடுத்த தடவை என்பாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று நான் சண்டை போடுவேன். "மிச்சம் அடுத்த மாசம். வந்தியானா காட்டுவேன்" என்று நூலை விட்டுவிடுவாள். முந்திரிக்கொத்தைக் கையில் கொடுத்து என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேள்வியாகக் கேட்பாள். அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது, வெள்ளைப்பசு கன்று போட்டதா, கிணற்றடிப் பிச்சி பூக்கிறதா, அப்பா ராத்திரி யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். நான் கப்பலைப் பார்த்துக்கொண்டே ம், ம் என்பேன். சரியாகச் சொல்லு என்று என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். நான் மறுபடி கப்பல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு தடவை நாங்கள் அப்படி இருக்கும்போது மாமியார் உள்ளே வந்துவிட்டார். செத்தோம் என்று நான் மூடியைப் பிடித்தேன். அவர் கோபிக்கவில்லை. பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தக் கப்பலைக் காட்டு என்றார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுலயா எம் புள்ள போவான்?"

கப்பல் விஷயத்தில் என்னைவிட்டால் ஆள் ஏது? இது சண்டைக் கப்பல், இதில் மனுஷர் போவதில்லை, பீரங்கிதான் போகும் என்று விளக்கினேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டார். ஆனாலும் அந்தக் கப்பலை முந்தானையால் மெதுவாகத் துடைத்தார். தொடக் கூடாது என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. துரைச்சாணிகளைச் சுரண்டச் சொன்னவருக்குக் கப்பல் மேல் இவ்வளவு ஆசை ஏன் வந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அத்தானுக்கு மலேயாவில் ரப்பர்த் தோட்டத்தில் கிராணி வேலை கிடைத்திருந்தது. கணக்கெழுதுகிற வேலையைத்தான் அங்கே கிராணி வேலை என்பார்கள். நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் திருநெல்வேலி, அங்கிருந்து ரயிலில் நாகப்பட்டினம், பிறகு கப்பல். அக்காவும் கூடப் போகிறாள் என்று வீட்டில் பேச்சு. எனக்கு உடனே ஒரே கவலை. பூதப்பாண்டி என்றால் மாதம் ஒரு தடவை. மலேயாவுக்கு வடசேரிச் சந்தை வழியாகப் போக முடியாது. அப்பாவிடம், அக்கா போனால் போகட்டும், பெட்டியை வாங்கிவிடுங்கள் என்றேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

வழியனுப்ப எல்லாரும் நாகர்கோவிலுக்குப் போயிருந்தோம். பஸ்ஸின் மேலே சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களின் பெட்டிகள் எல்லாம் ஒழுங்காகப் பூட்டியிருக்க, அக்காவின் பச்சைப் பெட்டியைச் சாக்கால் மூடிச் சணல் போட்டுத் தைத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டியிருந்தது. ஏற்றுகிற ஆள், என்னம்மா, மூடியைக் கரையான் தின்றுவிட்டதா என்று கேட்டுச் சிரித்தான். அக்காவும் சிரித்தாள். மூடி கீழே, அவள் காலடியில், சுவரில் சாய்ந்து நின்றது. கீல் கம்பியை உருவித் தனியாகக் கழற்றியிருந்தாள். திரை போட்டபடியே இருந்தது.

"இந்தா. ஒன் ராசாக்க எல்லாம் இதுல இருக்காவ. வீட்டுல போயி நிதானமாத் தொறந்து பாரு, என்ன?"

இத்தனை கூட்டத்தில் சந்தோஷமாக இருந்தது நான் ஒருத்திதான். அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அக்காவின் மாமியார் பஸ்ஸின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா என்னைக் குனிந்து அணைத்தபோதுகூட எங்களுக்கு நடுவில் அந்த மூடிதான் இருந்தது. அதன் விளிம்பு அவள் நெஞ்சில் இடித்திருக்கும். பஸ் கிளம்பியது. அக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள். எல்லாரும் ஆட்டினார்கள். நான் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழே வைத்தால் மண் படும் என்று வைக்கவில்லை. அவளுக்குக் கை காட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுவரில் சாய்த்துவைத்து, இனி மிச்சம் அடுத்த மாசம் என்று சொல்ல ஆளில்லை என்ற தெம்பில், திரையை முழுக்க இழுத்தேன். கப்பல் இருந்தது. ராஜா இருந்தார், காது கிழிந்தவர் உட்பட. துரைச்சாணிகள் ஒருத்திகூடக் குறையவில்லை. வலது கீழ்மூலை வெறுமையாக இருந்தது. தண்ணீர் தொட்டுத் தொட்டு, பொறுமையாக ஊறவைத்து எடுத்திருக்கிறாள். பிசிறு இல்லாமல் இளநீலப் பசையின் கட்டம் மட்டும் தெரிந்தது. மீன்கொத்தி போய்விட்டது.

எடுக்கிறவள் கப்பலை எடுத்திருக்கலாம். கேட்டிருந்தால் ஒரு துரைச்சாணியைக்கூடக் கொடுத்திருப்பேன். உலகத்தில் ஒருவரும் மாற்றிக்கொள்ளாத, பல் பதிந்த எச்சில் படத்தை எதற்கு எடுத்துப்போனாள்? எனக்கும்தான் அது எதற்கு? ஓடையில் போட நான் எத்தனை தடவை கொண்டுபோன படம்! இருந்தும் அந்த வெறும் மூலையைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தரையில் விழுந்து புரண்டு அழுதேன். அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அக்காளத் தேடுது பிள்ளைக்கு. அழுது தீரட்டும், விடுங்க" என்றாள் அம்மா.

மலேயாவிலிருந்து சில வருஷம் கடிதம் வந்தது. எல்லாக் கடிதத்திலும் கடைசியில் எனக்கு என்று ஒரு வரி இருக்கும். ராஜாக்கள் சௌக்கியமா என்று. பிறகு யுத்தம் வந்தது, கடிதம் நின்றது. யுத்தம் முடிந்து, போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் அம்மா கடையிலிருந்து இறங்கி ரோட்டுக்கு வருவாள். அக்கா வரவில்லை. அவளைப் பற்றி நிச்சயமாகச் சொல்லவும் ஒரு ஆள் வரவில்லை. எனக்குக் கல்யாணம் ஆனபோது எனக்கும் ஒரு தகரப்பெட்டி வாங்கினார்கள். நான் அதோடு இந்த மூடியையும் வண்டியில் ஏற்றச் சொன்னேன். மூடியுள்ள பெட்டிக்கு இன்னொரு மூடி எதற்கு என்று புகுந்த வீட்டில் கேட்டார்கள். திருஷ்டிக்கு என்று சொல்லிவைத்தேன்.

இப்போதும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் அது சாய்ந்திருக்கிறது. கப்பல்கள் நிறம் போய்விட்டன. திரைத்துணி தொட்டால் இழை பிரிகிறது. பேரப்பிள்ளைகள் ராஜாக்களைக் காட்டு என்று கேட்பார்கள், காட்டுவேன். அவர்கள் போன பிறகு அந்த மூலையில் விரலை வைத்துப் பார்ப்பேன். எங்கேயோ ஒரு ரப்பர்த் தோட்டத்தில், என் பல்தடத்தின் மேல் அவளும் அந்தத் தழும்பு விரலை வைத்துப் பார்த்திருப்பாள். எனக்கு அக்கா வேண்டும். இந்த வயதிலும் வேண்டும்.

மீன்கொத்தி போன அன்றைக்கு, அக்காளைத் தேடுகிறது என்று அம்மா சொன்னதைக் கேட்டு எனக்குக் கெட்ட கோபம் வந்தது. தரையிலிருந்து எழுந்து, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கக் கத்தினேன்: "அக்காளுக்கில்ல, படத்துக்கு!" யாரும் அதை நம்பவில்லை. நான் ஒருத்திதான் நம்பினேன்.